நாள் கணக்குப் பிடிபடாத பெண்களுக்கு ஒரு கணக்கு



சென்ற மாதம் எமது சங்கத்தின் மகளிர் பிரிவினருடன் நாம் மன்னாருக்குப் போய் வந்தோம். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது மலைநாட்டை விட்டு வெளியேறி, வன்னியிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் குடியேறிய நம் உறவுகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் களை பிடுங்குகிறார்கள். தென்னந்தோட்டங்களில் தேங்காய் பொறுக்குகிறார்கள். கரையோர வாடிகளில் கருவாடு காயவைக்க நாட்கூலிக்குப் போகிறார்கள்.

காணி உறுதி, சம்பளம், சேமலாப நிதி என்று கூட்டம் நடந்து முடிந்தது. ஆண்கள் கலைந்த பிறகு, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு சகோதரி எங்களை வேலி ஓரம் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு விசயம் கேக்கணும். ஆம்பளைங்க இருக்கிறப்ப கேக்க முடியல. மூணு மாச ஊசிய நிப்பாட்டின பொறகு எனக்கு ஒழுங்கா வர்றதில்ல. ஒரு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது. அந்தத் தடவையும் அப்படித்தான்னு நெனச்சு வயலுக்கு மருந்தடிக்கப் போயிட்டேன். வயிறு தெரிஞ்ச பொறகுதான் மிட்வைஃப் அம்மா பாத்துட்டு அஞ்சு மாசம்னாங்க. இவன் நல்லாத்தான் பொறந்தான். ஆனா நான் எந்த நாளு டெஸ்ட் பண்ணியிருக்கணும்? எனக்குத்தான் நாளே தெரியாதே?"

பக்கத்தில் நின்ற இன்னொருவர் சொன்னார்: "நான் பண்ணினேன். பத்தாம் நாளே பண்ணினேன். இல்லைன்னு காட்டுச்சு. அத நம்பி வேலைக்குப் போனேன்..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் எங்களை உறுத்தியது ஒன்றுதான். சம்பளத்தைப் பற்றி, வீட்டைப் பற்றி, காணியைப் பற்றி எத்தனையோ தலையங்கம் எழுதியிருக்கிறோம். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்று மேடைதோறும் பேசியிருக்கிறோம். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இந்த இதழில் ஒருமுறைகூடப் பதில் எழுதியதில்லை. இந்த முறை அதை எழுதுகிறோம்.

அந்தக் கேள்வி மன்னார்க் கரையில் பிறந்ததும் பொருத்தம்தான். நம் முன்னோர் தோணியில் வந்து இறங்கியது அந்தக் கரையில். அங்கிருந்து காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியில் வழிநெடுக விழுந்தார்கள். 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தது அந்த வழியை நினைத்துத்தான். கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் ஆண்களே அதிகம். தேயிலை வந்த பிறகுதான் பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள். அன்று முதல் செக்ரோலில் அவர்களுடைய பேரை எண்ணினார்கள், கொழுந்தை நிறுத்தார்கள். அவர்களுடைய உடம்பின் நாளை எண்ண யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் பேச்சு வழக்கையே பாருங்கள். ஒருத்தி கர்ப்பமாக இருந்தால் "முழுகாமல் இருக்கிறாள்" என்கிறோம், "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்கிறோம். மாதாமாதம் தலை முழுகுகிறவள் ஒரு மாதம் முழுகவில்லை என்றால் கர்ப்பம் என்பது நம் பாட்டிமார் வைத்த கணக்கு. மாதவிடாய் ஒழுங்காக வருகிறவளுக்கு அந்தக் கணக்கு சரி. அவள் நாள் தவறிய அன்றைக்கே பரிசோதிக்கலாம். ஆனால் 25 நாளில் ஒருமுறை, 50 நாளில் ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வருகிறவளுக்கு எந்த நாள் தள்ளிப் போனது என்று எப்படித் தெரியும்?

இப்படி ஒழுங்கில்லாமல் வருவது நம் பெண்களிடையே அபூர்வம் அல்ல. மூன்று மாத ஊசி போடுகிறவர்களுக்கும் அதை நிறுத்தியவர்களுக்கும் மாதவிடாய் பழையபடி வரப் பல மாதம் ஆகலாம். பால் கொடுக்கும் தாய்க்கு வராமலே இருக்கலாம். புதிதாகப் பெரியவளான பிள்ளைக்கும், நாற்பது தாண்டியவருக்கும் முன்பின்னாக வரும். தைரொயிட் கோளாறு, சினைப்பையில் நீர்க்கட்டி, போதாத சாப்பாடு, உடம்பு தாங்காத வேலை, மனக்கவலை எல்லாமே நாளைக் குழப்பும்.

இவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "எனக்குத்தான் வரவே இல்லையே, பிறகு எப்படிக் கர்ப்பம் தங்கும்?" என்று நினைக்கிறார்கள். உடம்பில் முதலில் கருமுட்டை வெளியாகிறது. சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய் வருகிறது. ஆகவே ஊசியை நிறுத்திய பெண்ணும் பால் கொடுக்கும் பெண்ணும் முதல் மாதவிடாயைக் காணும் முன்பே கர்ப்பமாகிவிடலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் கர்ப்பம் தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதை நம்பி இருக்கக் கூடாது.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். எந்த நாள்?

மாதவிடாய் நாளை மறந்துவிடுங்கள். பாதுகாப்பில்லாமல் உடலுறவு கொண்ட கடைசி நாளிலிருந்து எண்ணுங்கள். 21 நாள், அதாவது முழுதாக மூன்று வாரம் கழிந்ததும் பரிசோதியுங்கள். மார்ச் 1ஆம் திகதி என்றால் மார்ச் 22ஆம் திகதி. அன்றைக்கு வரும் பதிலைப் பெரும்பாலும் நம்பலாம்.

ஏன் மூன்று வாரம்? ஆணின் விந்து பெண்ணின் உடம்பில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். கரு உருவான பிறகும் அது நகர்ந்து வந்து கருப்பையில் ஒட்டிக்கொள்ள ஆறு முதல் பன்னிரண்டு நாள் பிடிக்கும். ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹோர்மோன் இரத்தத்திலும் சிறுநீரிலும் வரத் தொடங்கும். பரிசோதனை அட்டை தேடுவது அந்த ஹோர்மோனைத்தான். ஆரம்பத்தில் அது மிகக் கொஞ்சம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பத்தாம் நாளில் பார்த்தால் கரு இருந்தாலும் அட்டைக்குத் தெரியாது. வேலி ஓரத்தில் நின்ற இரண்டாவது சகோதரிக்கு அட்டை பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட நாள்தான் முந்திவிட்டது.

கணவனோடு வாழும் பெண்ணுக்குக் கடைசி நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாதே என்று கேட்பீர்கள். அவர்கள் கடந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் இடையில் மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள்? அதையும் தாண்டி வரவில்லை என்றால் அன்றைக்கே பரிசோதிக்கலாம். அதற்கு முன்பே குமட்டல், மார்பு வலி, காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் என்று ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே பாருங்கள். "இல்லை" என்று வந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அந்த இரண்டாவது பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

போஸ்டினோர் போன்ற அவசர மாத்திரை எடுத்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். அந்த மாத்திரையே மாதவிடாயை முன்பின் ஆக்கும். மூன்று வாரம் கழித்துப் பரிசோதியுங்கள்.

எப்படிச் செய்வது என்பதும் முக்கியம். பாமசியில் வாங்கும்போது உறையில் உள்ள காலாவதித் திகதியைப் பாருங்கள். மன்னார் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழேயோ, மலைநாட்டில் அடுப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள். சூட்டில் அட்டை கெட்டுவிடும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான, சவர்க்காரம் ஒட்டாத கோப்பையில் பிடியுங்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் சிறுநீர் நீர்த்து, ஹோர்மோன் தெரியாமல் போகலாம். செய்யும் நேரத்தில் மட்டும் உறையைப் பிரியுங்கள். உறையில் சொன்ன நிமிடம் வரை பொறுத்திருந்து பாருங்கள். இரண்டு கோடு வந்தால் கர்ப்பம்; இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம்தான். ஒரு கோடு மட்டும் வந்தால் இப்போதைக்கு இல்லை. 'சி' என்று போட்ட இடத்தில் கோடே வரவில்லை என்றால் அந்த அட்டை பழுது, வேறொன்று வேண்டும். வீசிவிட்ட அட்டையை மதியம் எடுத்துப் பார்த்து, காய்ந்த கோட்டைக் கண்டு கலங்க வேண்டாம். கருத்தடை மாத்திரையோ, காய்ச்சல் மாத்திரையோ, அன்டிபயோட்டிக்கோ முடிவை மாற்றாது.

இரண்டு முறை "இல்லை" என்று வந்தும், ஊசி, பால் கொடுத்தல் போன்ற காரணம் ஏதும் இல்லாமல் மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். கர்ப்பம் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. அதிகமாக இரத்தம் போகிறவர்களும் போக வேண்டும். மலையேறும்போது மூச்சு வாங்குவதும் தலைசுற்றுவதும் வேலைக் களைப்பு என்று விட்டுவிடுகிறோம். பல சமயம் அது இரத்தச்சோகை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்காதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்த பிறகோ, சந்தேகம் இருக்கும்போதோ அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், இரத்தம் கசிந்தால், தோள்பட்டை நுனி வலித்தால், மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிர் போகும். சிறிது இரத்தம் கண்டதும் "மாதவிடாய் வந்துவிட்டது" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும் ஆபத்து, நாள் ஒழுங்கில்லாத பெண்ணுக்கே அதிகம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மாலைச் சங்கு ஊதட்டும், பேர் விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இது டொக்டர்மார் பேச வேண்டிய விசயம், சங்கத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். சங்கத்துக்குத்தான் வேலை.

முதலாவது, நேரம். குழந்தையின் மூளையும் முதுகெலும்பும் உருவாகும் குழாய் கருவான நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அது சரியாக மூட போலிக் அமிலம் வேண்டும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று மிட்வைஃப் சொல்வது இதனால்தான். நாட்டின் தாய் சேய் நலச் சேவை கர்ப்பிணியை 8 வாரத்துக்கு முன் பதிவு செய்யச் சொல்கிறது. ஐந்தாம் மாதம் தெரிந்துகொள்ளும் பெண்ணுக்கு அந்த வாரங்கள் எல்லாம் போய்விட்டன. அவள் மருந்து டாங்கியை முதுகில் சுமந்ததும், உரமூட்டை தூக்கியதும் அந்த வாரங்களில்தான்.

இரண்டாவது, விடுமுறை. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் நம் பெண்களுக்கு உரிய சட்டம். 2018இல் வந்த திருத்தத்தின் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வார விடுமுறை உண்டு. அதில் 2 வாரம் பிரசவத்துக்கு முன், 10 வாரம் பின். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. ஆனால் பிரசவத் திகதி என்ன என்று தெரிந்தால்தானே முன் 2 வாரத்தை எடுக்க முடியும்? கடைசி மாதவிடாயை வைத்துப் போடும் திகதி, நாள் ஒழுங்கில்லாத பெண்ணுக்குப் பல வாரம் தப்பலாம். ஆரம்பத்திலேயே எடுக்கும் ஸ்கேன்தான் அவளுக்குச் சரியான திகதியைச் சொல்லும். பிந்திப் பார்த்தால் ஸ்கேனின் கணக்கும் தளர்ந்துவிடும். ஆகவே முதல் கிளினிக்கிலேயே "எனக்கு மாதவிடாய் ஒழுங்கில்லை" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

மூன்றாவது, இந்த அட்டை வந்த கதை. ஒரு காலத்தில் கர்ப்பமா இல்லையா என்று அறியப் பெண் வைத்தியரிடம் போக வேண்டும், சிறுநீர் ஆய்வுகூடத்துக்குப் போகும், பதில் வரக் காத்திருக்க வேண்டும். 1967இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பனியில் வடிவமைப்பாளராக இருந்த மார்கரட் கிரேன் என்ற இளம் பெண், ஆய்வுகூடத்தில் வரிசையாக இருந்த குழாய்களைப் பார்த்தார். இதைப் பெண்ணே வீட்டில் செய்யலாமே என்று நினைத்து ஒரு சிறு பெட்டியை உருவாக்கினார். கம்பனி பெரியவர்கள் முதலில் மறுத்தார்கள். 1971இல் அது கனடாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. காப்புரிமையைக் கம்பனிக்கு எழுதிக்கொடுத்ததற்கு அவருக்குப் பேசப்பட்ட விலை ஒரே ஒரு டொலர். அந்த ஒரு டொலரும் தன் கைக்கு வரவில்லை என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். உழைப்பவளுக்கு நேர்வது அங்கும் இங்கும் ஒன்றுதான். ஆனால் அவர் நினைத்தது நடந்தது: தன் உடம்பின் செய்தியை முதலில் அறிவது அந்தப் பெண்ணே.

நம் லயத்தில் அது இன்னும் நடக்கவில்லை. அட்டை வாங்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காசும் போகும், அன்றைய பேரும் போகும். தெரிந்த கடைக்காரரிடம் கேட்கக் கூச்சம். தோட்ட டிஸ்பென்சரி வாசலில் நின்றால் மாலைக்குள் கங்காணி வரை செய்தி போய்விடும். மணமாகாத பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். மன்னாரில் நாளுக்கு ஒரு முதலாளியிடம் கூலிக்குப் போகும் நம் சகோதரி, பிரசவ விடுமுறையை யாரிடம் போய்க் கேட்பாள்?

ஆகவே சங்கம் கேட்பது இவை. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் மிட்வைஃப் கையிலும் இலவசப் பரிசோதனை அட்டை இருக்க வேண்டும். கேட்கும் பெண்ணிடம் மணமானவளா என்று கேட்கக் கூடாது. முடிவு அவளோடு இருக்க வேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. கர்ப்பம் என்று சொன்ன நாளிலிருந்து மருந்தடிப்பும் பாரமும் இல்லாத வேலை தர வேண்டும். நாட்கூலிப் பெண்களுக்கும் பிரசவ நன்மை கிடைக்க வழி செய்ய வேண்டும். இவற்றைக் கேட்டு முகாமைக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் கடிதம் எழுதத் தோட்டத் தலைவர்மார் இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் எடுக்க வேண்டும்.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். நாளை எண்ணுவதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அவள் கிளினிக்குப் போகும் நாளில் தண்ணீர் எடுப்பதும் மூத்த பிள்ளையைப் பார்ப்பதும் உங்கள் வேலை.

மன்னார்ச் சகோதரிக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: கடைசி உறவு நாளிலிருந்து மூன்று வாரம், இல்லை என்று வந்தால் இன்னும் ஒரு வாரம் கழித்து ஒருமுறை, எந்தப் பதில் வந்தாலும் மிட்வைஃப். இந்த வரியை வெட்டிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத அக்கா பக்கத்துக் காம்பிராவில் இருந்தால், ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.